மாறிவிட்டது என்று நினைத்த தைரொயிட், பல வருடம் கழித்து வேறு வருத்தமாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. தைரொயிட் குளிசை வாங்க வருகிறவர்கள் மருந்துத் துண்டை நீட்டும்போதே ஒரு கேள்வியையும் சேர்த்து நீட்டுவார்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது இது: "எனக்கு அந்த வருத்தம் எப்பவோ மாறிவிட்டதே, இப்ப எப்படிப் புதிசா ஒன்று?" கிளினிக்கில் டொக்டருக்கு முன்னால் இருக்கும் ஐந்து நிமிடத்தில் இதைக் கேட்க வாய் வராது. கேட்டாலும் பதில் பாதிதான் காதில் விழும். அவர்களுக்காகத்தான் இது. நான் டொக்டர் இல்லை. குளிசையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்களைப் பார்க்கும் வைத்தியரின் வேலை.

ஒரே தைரொயிட்டுக்கு இரண்டு தன்னுடல் தாக்கு நோய்கள் வருமா?

வரும். இரண்டு பெயர்களைத் தெரிந்து வைத்தால் போதும். கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியைத் தூண்டி அளவுக்கு மிஞ்சிச் சுரக்க வைப்பது கிரேவ்ஸ் நோய். டப்ளினில் இருந்த ரொபேட் கிரேவ்ஸ் 1835இல் அதைப் பற்றி எழுதினார். சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துச் சுரப்பைக் குறைப்பது ஹஷிமோட்டோ நோய். ஜப்பானியச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஹக்கரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தது. ஒன்றில் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், சாப்பிடச் சாப்பிட உடம்பு மெலியும். மற்றதில் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தலைமயிர் கொட்டுதல், உடம்பு வைத்தல்.

பார்த்தால் நேர் எதிர். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: கிருமியைத் தாக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி சொந்தச் சுரப்பியைத் தாக்குகிறது. அதனால்தான் அக்காவுக்குக் கிரேவ்ஸ், தங்கைக்கு ஹஷிமோட்டோ என்று ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். ஒரே ஆளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வருவதும் அப்படித்தான். கிரேவ்ஸ் வந்தவருக்குப் பின்னால் சுரப்புக் குறைவதைத்தான் அதிகம் காணலாம். ஹஷிமோட்டோவுக்குத் தைரொக்சின் என்ற ஓமோன் குளிசை எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் கிரேவ்ஸ் வருவது அரிது. அரிது என்பதாலேயே அதைப் பிந்திக் கண்டுபிடிக்கிறார்கள்.

அப்போ முதல் பார்த்த வைத்தியம் பிழையா?

பிழை இல்லை. கார்பிமசோல் சுரப்பியை அடக்குகிறது, தைரொக்சின் இல்லாத ஓமோனை ஈடுசெய்கிறது, கதிரியக்க அயடீனும் சத்திரசிகிச்சையும் சுரப்பியை அழிக்கின்றன அல்லது அகற்றுகின்றன. இவற்றில் எதுவும் நிர்ப்பீடனத் தொகுதியின் ஞாபகத்தை அழிப்பதில்லை. கிரேவ்ஸுக்கு வழக்கமாக 12 முதல் 18 மாதம் கார்பிமசோல் கொடுத்து நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது திரும்ப வருகிறது. வராதவர்களில் சிலருக்கு, பத்துப் பதினைந்து வருடம் போன பிறகுகூட, சுரப்பி ஓய்ந்து மறுபக்கம் சாய்ந்துவிடும். ஆகவே "மாறிவிட்டது" என்பதை "அடங்கியிருக்கிறது" என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது இரத்தம் சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்த ஆலோசனையைக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். சுகமாக இருக்கிறவருக்கு ஊசி குத்த யாருக்குத்தான் விருப்பம்?

ஒரே ஆளின் இரத்தம் எப்படித் தூண்டவும் தடுக்கவும் செய்யும்?

மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி ரி.எஸ்.எச். என்ற ஓமோனை அனுப்புகிறது. தைரொயிட் கலத்தின் மேல் அதற்கென்று ஒரு வாங்கி இருக்கிறது. வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: ரி.எஸ்.எச். அழுத்தினால் உள்ளே வேலை நடக்கும். கிரேவ்ஸில் உருவாகும் பிறபொருளெதிரி (நிர்ப்பீடனத் தொகுதி செய்யும் தாக்கும் புரதம், அன்ரிபொடி) அந்த மணியை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. இன்னொரு வகைப் பிறபொருளெதிரி மணியின் மேல் கையை வைத்து மூடிக்கொள்கிறது, ரி.எஸ்.எச். வந்தாலும் அழுத்த முடியாது. இரண்டு வகையும் ஒரே ஆளின் உடம்பில் இருக்கலாம். எது கூட, எது குறைய என்பது காலத்தோடு மாறலாம். கர்ப்பம், பிள்ளைப்பேறு, மருந்து தொடங்குதல், மருந்து நிறுத்துதல் போன்ற திருப்பங்களில் இந்த மாற்றம் நடப்பதை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்த அறிவு அவ்வளவு பழையதல்ல. ஹஷிமோட்டோ நோயாளியின் இரத்தத்தில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதை லண்டனில் கண்டதும், கிரேவ்ஸ் நோயாளியின் இரத்தத்தில் சுரப்பியை நீண்ட நேரம் தூண்டும் ஒன்று இருப்பதை நியூசிலாந்தில் கண்டதும் ஒரே வருடத்தில்: 1956.

பத்து வருடமாகத் தைரொக்சின் எடுக்கிறேன். இப்போது நெஞ்சு படபடக்கிறது, மெலிந்துகொண்டு போகிறேன். கிரேவ்ஸ் வந்துவிட்டதா?

முதலில் சந்தேகிக்க வேண்டியது கிரேவ்ஸை அல்ல, குளிசையின் அளவை. உடம்பு மெலிந்தால், வயது ஏறினால், முன்பு சரியாக இருந்த அளவு கூடிப்போகலாம். 50 மைக்ரோகிராம் குளிசை இரண்டு எடுத்தவருக்கு 100 மைக்ரோகிராம் குளிசை கிடைத்து, பழக்கத்தில் அதிலும் இரண்டு போடுவதை நான் கண்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு பேர் தைரொக்சின் எடுத்தால் போத்தல் மாறுவதும் உண்டு. இதெல்லாம் சலிப்பான காரணங்கள், ஆனால் அதிகம் நடப்பவை.

வைத்தியர் அளவைக் குறைப்பார். தைரொக்சினுக்கு இரத்தத்தில் அரைவாழ்வு ஏறத்தாழ ஒரு கிழமை. ஆகவே குறைத்த மறுநாளே சுகம் தெரியாது. 6 முதல் 8 கிழமைக்குப் பிறகுதான் மீண்டும் சோதிப்பார்கள். இங்கேதான் கதை பிரிகிறது. குறைத்ததும் எண்கள் ஒழுங்குக்கு வந்தால் அளவுதான் காரணம். குறைத்துக் குறைத்து 25க்கு வந்த பிறகும், ஏன் முழுவதும் நிறுத்திய பிறகும், ரி.எஸ்.எச். தரையோடு ஒட்டி, தைரொயிட் ஓமோனான ரி4 உயர்ந்தே இருந்தால் அந்த ஓமோன் போத்தலில் இருந்து வரவில்லை. சுரப்பியே சுரக்கிறது. சுரப்பி முற்றாக ஓய்ந்த 60 கிலோ ஆளுக்குச் சாதாரணமாக நாளுக்கு 100 மைக்ரோகிராம் அளவு தேவைப்படும். அப்படி எடுத்துக்கொண்டிருந்தவரின் தேவை வருடத்துக்கு வருடம் சுருங்கினால், அதுவே கேட்க வேண்டிய கேள்வி: "டொக்டர், கிரேவ்ஸுக்கான பிறபொருளெதிரியைப் பார்க்கலாமா?"

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். படபடப்பு வந்தது என்று நீங்களாகத் தைரொக்சினை நிறுத்திவிட்டு, சோர்வு வந்ததும் திரும்பத் தொடங்கி, பிறகு கிளினிக்குக்குப் போனால் இரத்த அறிக்கையை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த நாள், எத்தனை குளிசை என்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எந்தப் பரிசோதனை இதைப் பிரித்துக் காட்டும்?

ரி.எஸ்.எச்., சுயாதீன ரி4, சில வேளை ரி3. இவை சுரப்பு கூடவா குறைவா என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதற்கு ரி.பி.ஓ. பிறபொருளெதிரி, ரி.ஆர்.ஏ.பி. என்று இரண்டு உண்டு. ரி.பி.ஓ. இரண்டு நோயிலும் உயரலாம், எனவே அது பிரித்துக் காட்டாது. ரி.எஸ்.எச். வாங்கியைப் பிடிக்கும் பிறபொருளெதிரியை அளப்பது ரி.ஆர்.ஏ.பி. சுரப்பு கூடிய ஒருவருக்கு அது உயர்ந்திருந்தால் கிரேவ்ஸ் என்று ஏறத்தாழ உறுதி. சாதாரண ரி.ஆர்.ஏ.பி. பரிசோதனை தூண்டும் வகையையும் தடுக்கும் வகையையும் சேர்த்தே எண்ணும். அதனால் ரி4ஐப் பக்கத்தில் வைத்துத்தான் அதை வாசிக்க வேண்டும். இது எல்லா ஆய்வுகூடத்திலும் அன்றாடம் செய்கிற பரிசோதனை இல்லை. மாதிரியை வெளியே அனுப்பினால் பதில் வர நாளாகும், காசும் கூட. கிளினிக்கில் கேட்டுவிட்டு எடுங்கள்; முதல் நாளே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவதில் பயனில்லை.

தலைமயிருக்கு விற்றமின் எடுக்கிறேன். அது இதில் வருமா?

வரும், நன்றாகவே வரும். தைரொயிட் குறைந்தால் தலைமயிர் கொட்டும். உடனே ரொறன்ரோவில் இருக்கும் சித்தி பெரிய போத்தலில் பயோட்டின் அனுப்புவா. ஒரு நாளுக்கு உடம்புக்குத் தேவை ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். அந்தக் குளிசை ஒன்றில் 5,000, 10,000 என்று இருக்கும். பல ஆய்வுகூட இயந்திரங்கள் பயோட்டின் பிணைப்பை வைத்தே ஓமோனை அளக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் நிறைந்திருந்தால் ரி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், ரி4 பொய்யாக உயர்ந்தும், ரி.ஆர்.ஏ.பி.கூடப் பொய்யாக உயர்ந்தும் வரலாம். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: அச்சு அசல் கிரேவ்ஸ். உடம்பிலோ ஒன்றும் இல்லை. இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முதலே அதை நிறுத்துங்கள். மிக அதிக அளவில் எடுப்பவர்கள் இன்னும் கூட நாள் விடவேண்டும். எடுத்ததை வைத்தியரிடம் சொல்லுங்கள். "அது மருந்து இல்லைத்தானே" என்று மறைப்பதுதான் ஆபத்து.

முன்பு கிரேவ்ஸ். இப்போது எப்போதும் நித்திரை, உடம்பு வைக்கிறது. வயதுதானே?

வயதாக இருக்கலாம், மாதவிடாய் நிற்கும் காலமாக இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். கிரேவ்ஸ் வந்த சரித்திரம் உள்ளவர் ரி.எஸ்.எச். பார்க்காமல் வயதின் மேல் பழியைப் போடக்கூடாது. கதிரியக்க அயடீன் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இன்றோ நாளையோ சுரப்புக் குறையும். அது இரண்டாம் நோய் அல்ல, வைத்தியத்தின் எதிர்பார்த்த விளைவு. கார்பிமசோல் மட்டும் எடுத்தவருக்கு வந்தால் ஹஷிமோட்டோ பக்கம் சாய்ந்திருக்கலாம். இரண்டுக்கும் மருந்து தைரொக்சின்தான்.

கதிரியக்க அயடீன் குடித்துச் சுரப்பியே போய்விட்டது. இனி எனக்கு என்ன வரப்போகிறது?

சுரப்பி போனாலும் பிறபொருளெதிரி வருடக்கணக்கில் இருக்கலாம். அதனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்: ஒன்று கண், மற்றது கர்ப்பம்.

கண்ணில் மண் விழுந்தது போன்ற உறுத்தல், நீர் வடிதல், இமை மேலே இழுபட்டு வெள்ளை தெரிதல், கண் முன்னே தள்ளுதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல். இது கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையும் கொழுப்பும் வீங்குவதால் வருகிறது. கிரேவ்ஸ் வந்த காலத்திலேயே பெரும்பாலும் தொடங்கும். ஆனால் தைரொயிட் எண்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது, வைத்தியம் முடிந்து வருடங்களுக்குப் பிறகும் வரலாம். ஹஷிமோட்டோ மட்டும் உள்ள சிலருக்கும் வருகிறது. கண்வலி, கண்ணோய் என்று சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: "முன்பு தைரொயிட் இருந்ததா?" நிறம் மங்கலாகத் தெரிந்தால், பார்வை இருண்டால், கண்ணை முழுதாக மூட முடியாவிட்டால் கிளினிக் நாளைப் பார்த்திருக்காமல் அன்றே கண் வைத்தியரிடம் போங்கள்.

புகைத்தல் இந்தக் கண் நோயைக் கொண்டுவருவதிலும் மோசமாக்குவதிலும் முதல் இடத்தில் நிற்கிறது. கதிரியக்க அயடீன் எடுப்பவர் புகைத்தால் ஆபத்து இன்னும் கூடும். சிகரட், பீடி, நம் ஊர்ச் சுருட்டு, எல்லாம் ஒன்றுதான். திண்ணையில் இருந்து அப்பு சுருட்டுப் பிடித்தால் அவரின் கண்ணும் அதில் அடக்கம். பக்கத்தில் இருக்கும் அப்பாச்சிக்கும் அந்தப் புகை நல்லதல்ல.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள். அவளுக்கு முன்பு கிரேவ்ஸுக்குச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். இப்போது தைரொக்சினில் எல்லாம் நோர்மல். கவலைப்பட வேண்டுமா?

கவலை வேண்டாம், சொல்ல வேண்டும். மகளின் சுரப்பி இல்லை, ஆனால் தூண்டும் பிறபொருளெதிரி இருந்தால் அது நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சுரப்பியைத் தூண்டலாம். தாயின் இரத்த அறிக்கை நோர்மலாக இருக்கும்போதே வயிற்றில் உள்ள பிள்ளையின் இதயம் வேகமாகத் துடிக்கலாம். அதனால் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரி.ஆர்.ஏ.பி. பார்த்து, உயர்ந்திருந்தால் 18 முதல் 22 கிழமைக்குள் திரும்பப் பார்ப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு பிள்ளையையும் கவனிப்பார்கள். இது நடப்பதற்கு ஒரே வழி, குடும்பநல உத்தியோகத்தர் பதியும்போதே "முன்பு கிரேவ்ஸ் இருந்தது, சத்திரசிகிச்சை நடந்தது" என்று சொல்வது. வெறும் "தைரொயிட் குளிசை எடுக்கிறா" என்று எழுதினால் எல்லோரும் ஹஷிமோட்டோ என்றே நினைப்பார்கள். கல்யாணப் பேச்சில் மறைத்த சரித்திரம் கர்ப்பக் கிளினிக்கிலும் மறைந்து கிடப்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கர்ப்பம் தெரிந்தவுடன் தைரொக்சின் தேவையும் கூடும். அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் கேளுங்கள். கார்பிமசோல் எடுப்பவர்கள் பிள்ளைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே வைத்தியரோடு கதைக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அது குழந்தையின் உருவாக்கத்தைப் பாதிக்கலாம் என்பதால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். கதிரியக்க அயடீன் எடுத்த பெண்கள் ஆறு மாதத்துக்குக் கர்ப்பம் தரிக்கக்கூடாது.

பிள்ளை பிறந்து மூன்று மாதம். படபடப்பு. பழைய கிரேவ்ஸ் திரும்பி வந்துவிட்டதா?

வந்திருக்கலாம், பிள்ளைப்பேற்றுக்குப் பின் கிரேவ்ஸ் திரும்புவது நடக்கிற ஒன்று. ஆனால் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான தைரொயிட் அழற்சி என்று வேறொன்றும் உண்டு. அதில் சுரப்பி புண்பட்டுச் சேமித்து வைத்த ஓமோன் கசிகிறது. சில கிழமை படபடப்பு, பிறகு சில மாதம் சோர்வு, பிறகு பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் குறைபாடு நிலைக்கும். இதற்குக் கார்பிமசோல் கொடுத்துப் பயனில்லை. புதிதாகச் செய்வதைத்தானே அந்த மருந்து தடுக்கும், கசிவதை அல்ல. ரி.ஆர்.ஏ.பி. இங்கே உதவும்.

இரண்டாம் தடவை கார்பிமசோல் தந்திருக்கிறார்கள். முதல் தடவை ஒன்றும் செய்யவில்லை. இப்போதும் பயமில்லைத்தானே?

முதல் தடவை ஒத்துக்கொண்டது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. இந்த மருந்து மிகச் சிலருக்கு வெள்ளைக் குருதிக் கலங்களைச் சடுதியாகக் கீழே இறக்கிவிடும். முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். தொண்டை நோ, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே முழுக் குருதி எண்ணிக்கை பார்க்க வேண்டும். இதை மருந்து கொடுக்கும்போது நான் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன், சொன்னதை அடுத்த மாதமும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மாரி தொடங்கி தை வரை இங்கே டெங்குக் காலம். அந்த நாட்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வீட்டில் டெங்கு என்றே முடிவு. டெங்கிலும் வெள்ளைக் கலம் குறையும். ஆகவே குருதி அறிக்கையில் எண்ணிக்கை குறைந்திருப்பதைப் பார்த்து, கார்பிமசோல் எடுப்பது தெரியாத வைத்தியர் டெங்கு என்று நினைக்க முழு நியாயமும் உண்டு. அவருக்குத் தெரிய வைக்க வேண்டியது நீங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வசனமாக "கார்பிமசோல் எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். குளிசைப் பட்டையைக் கையில் கொண்டு போங்கள். எண்ணிக்கையில் எந்த வகை வெள்ளைக் கலம் குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்து அவர்கள் பிரித்து அறிவார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

படபடப்புக்குப் புரொப்பிரனலோல் தந்தால், இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் அதை வாயைத் திறந்து சொல்லவேண்டும். இழுப்புக்கு அது ஆகாது.

கடுங்காய்ச்சலோடு நெஞ்சு ஓட்டம், வாந்தி, வயிற்றோட்டம், புத்தி தடுமாற்றம் வந்தால்?

ஆஸ்பத்திரி. வாகனம் கிடைத்த கையோடு.

கடல் சூழ்ந்த ஊர், நாளும் மீன். அயடீன் குறைவில்லாத எங்களுக்கு ஏன் தைரொயிட்?

அயடீன் குறைவால் கழுத்தில் கழலை வருவது ஒரு கதை, தன்னுடல் தாக்கு நோய் வேறு கதை. இலங்கையில் கழலை அதிகம் இருந்தது தென்மேற்கு ஈரவலயத்தில். வறண்ட வலயமான நம் பக்கம் அவ்வளவு இல்லை. 1990களின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. அயடீன் போதுமான இடங்களில் சுரப்புக் குறைவுக்கு முதல் காரணம் ஹஷிமோட்டோதான். கறியில் போடும் உப்பையும் மீனையும் குறைக்க வேண்டியதில்லை, கூட்டவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது பெரிய அளவுகளை: கடற்பாசிக் குளிசை, ஸ்கான் எடுக்க ஏற்றும் அயடீன் மருந்து, இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன். அமியோடரோன் 200 மில்லிகிராம் குளிசை ஒன்றில் 75 மில்லிகிராம் அயடீன் இருக்கிறது. உடம்புக்கு நாளுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். தைரொயிட் சரித்திரம் உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் அடிக்கடி இரத்தம் பார்ப்பார்கள்.

கோவா (முட்டைக்கோசு), மரவள்ளி தைரொயிட்டுக்குக் கூடாது என்கிறார்களே, சாப்பிடலாமா?

அவித்துச் சாப்பிடுங்கள். இதைப் பற்றி நாம் கதைக்கிற நேரத்தில் பாதியைப் பால்தேத்தண்ணியைப் பற்றிக் கதைத்தால் நல்லது. காலையில் எழும்பியதும் தைரொக்சினை வாயில் போட்டு, கையோடு பால்தேத்தண்ணி குடித்தால் குளிசையின் ஒரு பங்கு வீண். வெறும் தண்ணீரோடு எடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கல்சியம், இரும்புக் குளிசைக்கு நான்கு மணி இடைவெளி. காலையில் முடியாதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குப் பிறகு எடுக்கலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம். பலருக்கு அது சரிவருகிறது. குளிசையைக் குசினி வெக்கையில் வைக்காதீர்கள்.

கந்தசஷ்டி விரதம் பிடிக்கலாமா?

தைரொக்சின் எடுப்பவர் தண்ணீரோடு அதை எடுத்தால் விரதம் கெடும் என்று எந்தக் குருக்களும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆறு நாள் தவறக்கூடாது. கிரேவ்ஸ் கட்டுக்குள் வராதவர் உபவாசம் இருக்க வேண்டாம்.

சித்த மருத்துவம் சேர்த்து எடுக்கலாமா?

கைதடி சித்த ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறவர்கள் பலர் எங்களிடமும் வருகிறார்கள். எனக்கு ஆட்சேபம் ஒன்றுதான்: ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் போவது. படித்த சித்த வைத்தியர் தைரொக்சினை நிறுத்தச் சொல்லமாட்டார். பெயரில்லாத போத்தலில் வருவதையும், "தைரொயிட்டை வேரோடு மாற்றும்" என்று விளம்பரத்தில் வருவதையும் தவிருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்த குளிசையும் அறிக்கையும் இங்கே பொருந்துமா?

மருந்து ஒன்றுதான், அளவு வேறு. கனடாவில் 88, 112, 137 மைக்ரோகிராம் என்றெல்லாம் குளிசை உண்டு. இங்கே நமக்குப் பழக்கமானது 25, 50, 100. சில போத்தல்களில் மைக்ரோகிராமுக்குப் பதில் மில்லிகிராமில் 0.1 என்று இருக்கும், அது 100தான். அறிக்கையிலும் ரி4 ஓரிடத்தில் 15 என்றும் இன்னோரிடத்தில் 1.2 என்றும் வரும். அலகு வேறு, ஏறத்தாழ ஒரே அளவு. பக்கத்தில் அச்சடித்திருக்கும் இயல்பு எல்லையோடு ஒப்பிடுங்கள், பழைய எண்ணோடு அல்ல.

தைரொயிட் இரண்டு தடவை வந்தால் வேறும் வருமா?

எல்லோருக்கும் இல்லை. புழுவெட்டு, வெண்புள்ளி, விற்றமின் பி12 உறிஞ்ச முடியாத இரத்தச்சோகை, முதலாம் வகை நீரிழிவு ஆகியவை இதோடு கூட்டுச் சேரும். தைரொக்சின் தொடங்கிய பின் சோர்வு கூடி, எடை குறைந்து, தோல் கறுத்து, எழும்பினால் தலை சுற்றினால் சிறுநீரகத்தின் மேல் உள்ள அதிரீனல் சுரப்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அரிது, ஆனால் தவறவிடக்கூடாதது.

திரும்பத் திரும்ப மாறுகிறது. சுரப்பியை எடுத்துவிட்டால் நல்லதா?

சிலருக்கு அதுதான் நிம்மதி. சுரப்பு ஒரு மாதம் கூடி, மூன்று மாதம் கழித்துக் குறைந்து, கார்பிமசோலும் தைரொக்சினும் மாறி மாறி எடுத்துக் களைத்தவர்களுக்கு முழுச் சுரப்பியையும் அகற்றுவதோ கதிரியக்க அயடீனோ நிலையான ஒரு வழி. பிறகு ஒரே மருந்து, வாழ்நாள் முழுக்க. அயடீனுக்கு நம் ஆட்கள் கொழும்புப் பக்கம் உள்ள மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போய் வந்திருக்கிறார்கள். கண் நோய் உள்ளவருக்கு அது பொருந்தாமல் போகலாம். சத்திரசிகிச்சையில் குரல் நரம்பும், கல்சியத்தைப் பார்க்கும் சிறு சுரப்பிகளும் பக்கத்தில் இருப்பதால், பிறகு விரல் நுனி விறைத்தால் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கொஞ்சத்தை விட்டுவிட்டு எடுப்பது வழக்கமாக இருந்தது. விட்ட பகுதியில் கிரேவ்ஸ் திரும்பலாம், ஹஷிமோட்டோவும் வரலாம்.

1995 போர் இடம்பெயர்வில் மருந்துத் துண்டுகள் எல்லாம் போய்விட்டன. அம்மாவுக்கு முதலில் என்ன நோய் இருந்தது என்றே தெரியாது. என்ன செய்வது?

இப்படிக் கேட்கிறவர்கள் குறைவில்லை. ஒக்டோபர் 30 இரவு சாவகச்சேரிப் பக்கம் நடந்தவர்கள் கிளினிக் கொப்பியைத் தேடியா எடுத்திருப்பார்கள்? ஆனாலும் கொஞ்சம் தேறும். கழுத்தில் தழும்பு இருக்கிறதா? அந்த நேரம் மெலிந்தாவா, உடம்பு வைத்தாவா? ஒன்றரை வருடம் குளிசை தந்து நிறுத்தினார்களா, நிறுத்தாமல் தந்தார்களா? நிறுத்தியது என்றால் பெரும்பாலும் கார்பிமசோல். குளிசை தந்த ஆஸ்பத்திரி எது, வயிற்றில் யார் இருந்த நேரம் அது என்று பெரியம்மாவைக் கேட்டால் வருடமும் வரும். பழைய படங்கள் இருந்தால் கொண்டு போங்கள். கண் பெரிதாகத் தெரிகிறதா, கழுத்து வீங்கியிருக்கிறதா என்று வைத்தியர் அதில் பார்ப்பார். வீட்டுப் படம் அழிந்திருந்தால் வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரரின் கல்யாண அல்பத்தில் அம்மா எங்காவது நிற்பா. கைத்தொலைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு சுரப்பி மிச்சம் இருக்கிறது என்பதை ஸ்கான் காட்டும். மிச்சத்தை ரி.பி.ஓ.வும் ரி.ஆர்.ஏ.பி.யும் சொல்லும். கிடைத்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதிப் புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை வேறு டொக்டர் இருப்பார்.